தம்பிக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. ரூட்டு தல, பஸ் டே என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். நானும் அங்கே வரலாறுதான் படித்தேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவன், எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். உங்களுக்கு இருக்கும் பயம் எங்கள் அம்மாவுக்கும் இருந்தது.

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடலாம். ரூட்டு தல என்பது நிஜம். புறநகரிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஒரே பஸ்ஸில், ஒரே ரயிலில் தினமும் ஒன்றாக வரும் பையன்கள் ஒரு கும்பலாகச் சேர்கிறார்கள், அதில் ஒருவன் ‘தல’ ஆகிறான். பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டு கானா பாடுவதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பஸ் டேயும் ஆரம்பத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு நன்றி சொல்லும் நாள்தான். அது எங்கே போய் முடிந்தது என்று 2019 ஜூனில் பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். அதைவிடக் கொடுமை, 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் இறந்தே போனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கூலி வேலைக்காரர்கள், சின்னச் சின்ன வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே.

அதனால் தம்பியிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். முதல் வாரத்தில் சீனியர்கள் “எந்த ரூட்டு?” என்று கேட்பார்கள். கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லலாம், சிரித்துப் பேசலாம், ஆனால் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர வேண்டாம், கும்பலோடு கோஷம் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் இறங்க வேண்டாம். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த வம்புக்கே போகாமல் மூன்று வருடத்தையும் முடித்தார்கள். ஒதுங்கி நிற்பவனை யாரும் தேடி வந்து அடிப்பதில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

சரி, இப்போது கல்லூரிக்கு வருவோம், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

1839-இல் எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று சென்னைவாசிகள் 70,000 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று கவர்னர் எல்பின்ஸ்டனிடம் போனது. அடுத்த வருடம், 1840-இல், எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் ஒரு ஆயத்தப் பள்ளி தொடங்கியது. அதுதான் இந்தக் கல்லூரியின் முதல் உருவம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஐர் பர்ட்டன் பவல் அதற்குத் தலைமை ஏற்றார். அது உயர்நிலைப் பள்ளியாகி, பிராட்வேக்கு இடம் மாறி, 1855-இல் ‘பிரசிடென்சி கல்லூரி’ ஆனது, மாநிலக் கல்லூரியின் ஆங்கிலப் பெயர் அதுதான். கவனியுங்கள், சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததே 1857-இல்தான். பல்கலைக்கழகத்துக்கும் மூத்த கல்லூரி இது. மெரினாவில் இன்று நாம் பார்க்கும் செங்கல் கட்டடம் ராபர்ட் சிஷம் வடிவமைத்தது, திறந்தது 1870-இல். பக்கத்தில் இருக்கும் செனட் ஹவுஸும் அவர் கைவண்ணம்தான். உச்சியில் நான்கு பக்கமும் மணி காட்டும் கடிகாரக் கோபுரம் மட்டும் 1940-இல், நூற்றாண்டை ஒட்டி வந்தது.

சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த கல்லூரி என்று எல்லோரும் சொல்வார்கள், இரண்டு நோபல், உண்மைதான். எனக்கு அந்தப் பரிசுகளைவிட அவர்கள் அங்கே மாணவர்களாக என்ன செய்தார்கள் என்பதுதான் பிடிக்கும். ராமன் வகுப்பில் எல்லோரும் செய்கிற சாதாரணச் சோதனை, ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளப்பது, அதைச் செய்துகொண்டிருக்கும்போது ஒளிப்பட்டைகள் ஒரு பக்கமாகச் சீரில்லாமல் விழுவதைக் கவனிக்கிறார், விடாமல் அதையே துருவி 1906-இல் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை போடுகிறார், அப்போது அவருக்கு வயது 18. சந்திரசேகர் கதையும் அப்படித்தான். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது பையன் நேரே போய் அவரைப் பார்க்கிறான், தான் படித்த இயற்பியலெல்லாம் பழசாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு திரும்புகிறான், உட்கார்ந்து புதுசைப் படித்து அடுத்த வருடமே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வருகிறது. ஒரு கல்லூரி மாணவன் ஒரு மேதையின் கதவைத் தட்டலாம் என்ற துணிச்சல்தான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

அப்புறம் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903-இல் இங்கே மாற்றலாகி வந்து 1919 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தார். பதிற்றுப்பத்தும் பரிபாடலும் அவர் இங்கே வேலை பார்த்த காலத்தில் பதிப்பித்தவை. பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஏடு. கல்லூரியின் முன்னால் கடலைப் பார்த்தபடி அவர் சிலை இருக்கிறது, பிப்ரவரி 19 பிறந்த நாளில் மாலை போடுவார்கள். மற்ற நாட்களில் பீச்சுக்குப் போகிறவர்கள் யாரென்று தெரியாமலேயே தாண்டிப் போகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் உங்கள் தம்பிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. இந்தக் கல்லூரி பார்வையற்ற மாணவர்கள் நிறையப் பேர் படிக்கும் இடம். செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. படிப்புகளும் 2007 முதல் நடக்கின்றன. வராந்தாவில் ஒரு பக்கம் நான்கு பேர் சத்தமே இல்லாமல் கையசைத்துச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் ஒருவன் உரக்கப் பாடம் வாசிக்க மூன்று பேர் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். நானும் அப்படி வாசித்தவன். பிறகு ஸ்கிரைபாகவும் போனேன், அதாவது அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக்கொடுக்கும் வேலை. நான் எழுதிக்கொடுத்த அண்ணன் தமிழ் இலக்கியம். வாக்கியத்தைச் சொல்லிவிட்டு “முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி” என்பார், பக்கம் முடிந்ததும் கடைசி இரண்டு வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்வார். ஒரு இடத்தில் அவர் சொன்னதைவிட நல்ல சொல் ஒன்று என் வாய்வரை வந்தது. அதைச் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. அது அவருடைய பேப்பர். எழுதி முடித்து வெளியே வந்தால் என் தோளில் கை வைத்தபடி காமராஜர் சாலை பஸ் ஸ்டாப் வரை நடந்து வருவார், பஸ் வரும்வரை குறுந்தொகை சொல்லிக்கொண்டிருப்பார். தேர்வுக்காகப் படிப்பதற்கும் பாடலோடு வாழ்வதற்கும் உள்ள தூரம் எனக்கு அந்த பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பலவற்றில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் வகுப்பைத் தாங்குகிறார்கள். அவர்களில் சிலர் சொல்லிக்கொடுப்பதைப் போல லட்சக்கணக்கில் பணம் கட்டினாலும் கிடைக்காது, அவர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்காதது அநியாயம். வேலைவாய்ப்பு முகாமை மட்டும் நம்பி வரலாறு எடுக்க வேண்டாம். மத்திய அரசின் தரவரிசையில் 2022, 2023 இரண்டு வருடமும் கல்லூரிகளில் இந்திய அளவில் 3-ஆம் இடம் என்பது பெருமைதான், ஆனால் பையன் தானாகத் தேடிப் படித்தால்தான் அந்தப் பெருமை அவனுக்கு உதவும்.

தேடிப் படிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. பல்கலைக்கழக நூலகம் நடந்து போகிற தூரம். பழைய புத்தகத்துக்குப் பாரதி சாலை நடைபாதை, நாங்கள் பைகிராப்ட்ஸ் ரோடு என்போம். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ஆவணக் காப்பகமும் இருக்கிறது. வரலாறு படிக்கிறவன் மூன்று வருடத்தில் ஒருமுறையாவது அந்த ஆவணக் காப்பகத்தை எட்டிப் பார்க்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் கன்னிமாராவில் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், அவர்களோடு பழகினால் வழிகாட்டுவார்கள்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, சிறப்புக் கட்டணம் என்று சின்னத் தொகைதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், மறக்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ரயிலில் வருவதாக இருந்தால் சென்ட்ரலில் இறங்கி எதிரே பூங்கா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்து சேப்பாக்கத்தில் இறங்கட்டும், நடக்கிற தூரம்தான்.

சேர்க்கைக்குப் போகிற அன்று மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலோடு இரண்டு மூன்று செட் ஜெராக்ஸும் எடுத்துப் போங்கள். வேறு கவுன்சலிங் முடியட்டும் என்று தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த இடத்துக்குப் பட்டியலில் அடுத்த ஆள் தயாராக நிற்பார்.