மலையை விற்ற ஊர்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக மகள் வீட்டில், மன்ரோவியாவில் இருக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். காலையில் மர்ட்டில் அவென்யூவில் நடக்கப் போவேன். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. ஊரின் வரலாற்றைக் கேட்டால், “இங்கே என்ன மாமா வரலாறு, எல்லாம் ரியல் எஸ்டேட்” என்கிறார் மாப்பிள்ளை. அப்படித்தானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாப்பிள்ளை விவரமானவர். ரியல் எஸ்டேட்தான் அந்த ஊரின் வரலாறு. அதில் என்ன குறைச்சல்? பின்னால் நிற்கும் மலையை விதவிதமாக விற்றே வளர்ந்த ஊர் அது.

ஆதியில் அங்கிருந்தவர்கள் டோங்வா மக்கள். ஸ்பானிய மிஷன், பிறகு மெக்சிகோ அரசு எழுதிக்கொடுத்த பெரும் பண்ணைகள் என்று நிலம் கைமாறியது. 1875-இல் சான்டா அனிடா பண்ணையை ‘லக்கி’ பால்ட்வின் என்ற சுரங்கப் பங்குக் கோடீஸ்வரர் வாங்கினார். ரயில் பாதை போடும் ஒப்பந்தக்காரரான வில்லியம் மன்ரோ அவரிடமிருந்து 240 ஏக்கர் வாங்கி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1886 மே மாதம் மனை விற்கத் தொடங்கினார். நீங்கள் நடக்கிற தெருவுக்கு வைத்திருப்பது அவர் மகளின் பெயர்.

ரயில்காரர் என்பதால் நேரம் தெரிந்து இறங்கியிருக்கிறார். அப்போதுதான் சான்டா ஃபே ரயில் கம்பெனி தெற்குக் கலிஃபோர்னியாவுக்குள் வந்து, ஏற்கெனவே அங்கிருந்த சதர்ன் பசிபிக்கோடு கட்டணச் சண்டையில் இறங்கியிருந்தது. 1887 மார்ச்சில் கான்சஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரே ஒரு டாலர் என்கிற அளவுக்கு, கொஞ்ச நேரத்துக்காவது, டிக்கெட் விலை இறங்கியது. வந்து இறங்கிய கூட்டத்துக்கு விற்க ஊர் ஊராக மனை போட்டார்கள். 1888-இல் விலை சரிந்ததும் பல ஊர்கள் காகிதத்தோடு சரி. மன்ரோவியா தப்பித்தது. மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து தண்ணீர் வந்தது, ஆரஞ்சுத் தோப்பு வைத்தார்கள். 1887 டிசம்பரிலேயே நகராட்சியும் ஆகிவிட்டது. சாராயக் கடையை உள்ளே விடக்கூடாது என்பதும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம். பக்திமான்கள்தான், ஆனால் மனை விலைக்கும் அது தோதாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

அப்புறம் காற்றை விற்றார்கள். மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் பாட்டெங்கர் 1903-இல் ஊருக்கு மேலே ஒரு சானடோரியம் தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்காத காலம். ஓய்வு, நல்ல சாப்பாடு, திறந்தவெளிக் காற்று, இவைதான் வைத்தியம். பக்கத்து ஊரான டுவார்ட்டேயில் இன்று பெரிய புற்றுநோய் மருத்துவமனையாக இருக்கும் ‘சிட்டி ஆஃப் ஹோப்’ தொடங்கியதும் காசநோயாளிகளுக்காகத்தான், இரண்டு கூடாரங்களில். பின்னால் லாஸ் ஏஞ்சலஸ் கார்களால் நிரம்பியபோது, கடற்காற்று தள்ளிக்கொண்டு வந்த புகையை இதே மலை தடுத்து நிறுத்தியது. நுரையீரலைத் தேற்ற ஆட்கள் தேடிவந்த அடிவாரம், அந்த வட்டாரத்திலேயே மோசமான புகைமூட்டத்துக்குப் பேர்போனதாயிற்று.

எல்லாருக்கும் விற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பால்ட்வின் தன் பண்ணை வேலைக்குத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களை வரவழைத்தார். அவர்களில் சிலர் மன்ரோவியாவில் குடியேறினார்கள். மலைப்பக்கம் அல்ல, தெற்கே, தாழ்வில். அந்தப் பகுதியின் ஹன்டிங்டன் பள்ளி நெடுங்காலம் கறுப்பின, மெக்சிகப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மர்ட்டில் அவென்யூவில் தெற்கே கொஞ்ச தூரம் கூடுதலாக நடந்து பாருங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஒன்று: 1937-இல் மன்ரோவியா விமானத்தளம் அருகே, 66-ஆம் எண் நெடுஞ்சாலையில், பாட்ரிக் மெக்டொனால்டு என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். 1940-இல் அவருடைய பிள்ளைகள் இருவரும் அதை சான் பெர்னார்டினோவுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சக் கதை உலகத்துக்கே தெரியும்.

இனி மலையின் கணக்கு. சான் கேப்ரியல் இன்னும் வளர்கிற மலை. வடக்கே சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவு, அடிவாரத்தில் சியரா மாத்ரே என்ற இன்னொரு பிளவு. நடுவில் பாறை நொறுங்கியபடியே உயர்கிறது. மேலே எண்ணெய்ப் பசையுள்ள புதர்க்காடு. அது எரியும்போது கிளம்பும் ஆவி மண்ணுக்குள் இறங்கிப் படிந்து, தண்ணீர் புகாத ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சாம்பல், சேறு, பாறாங்கல் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வருகிறது. பள்ளத்தாக்கு வாய்களில் காலியாகக் கிடக்கும் பெரிய குழிகள் அதைப் பிடிக்கத்தான். நிரம்பினால் லாரி வைத்து அள்ளவேண்டும். 2020-இல் ‘பாப்கேட்’ தீ ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. தீக்குப் பின் வந்த சேற்றால் மன்ரோவியா பள்ளத்தாக்குப் பூங்கா பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2025 ஜனவரியில் மேற்கே ஆல்டடீனா தீப்பற்றி எரிந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இருந்தும் மலையைப் பார்த்த வீட்டுக்கு விலை கூடுதல்தான்.

கரடியை மறந்துவிட்டேனே. ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டும் கருங்கரடியும் வெளியூர்தான். பூர்வீகக் கிரிஸ்லி கரடிகளைச் சுட்டுத் தீர்த்தபின், 1933-இல் யோசெமிட்டியிலிருந்து கருங்கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1990-களில் அவற்றில் ஒன்று மன்ரோவியா வீடொன்றின் கொல்லையில் அவகாடோ தின்று, வெந்நீர்த் தொட்டியில் குளித்துப் புகழ்பெற்றது. சாம்சன் என்று பேர். பிடித்துக் கொன்றுவிடுவதாக இருந்தார்கள். ஊர் கூடிக் கூச்சல் போட்டதில் ஆளுநர் தலையிட்டு உயிர்ப்பிச்சை கொடுத்தார். மிருகக்காட்சிசாலையில் 2001 வரை இருந்தது. அதன் சந்ததியோ பங்காளியோ இப்போதும் தெருவுக்கு வருவதுண்டு. ஆகவே குப்பைத் தொட்டியை வண்டி வரும் காலையில் வெளியே வைத்தால் போதும், முந்தின ராத்திரியே வேண்டாம்.