சொட்டுக் கணக்கு: 31 சரியா, 42 சரியா?

வயிற்றுப்போக்கு நோயாளிக்கு 500 மி.லி. நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) 4 மணி நேரத்துல ஏத்தணும், எனக்கு நிமிஷத்துக்கு 31 சொட்டு வருது, விடையில 42 போட்டிருக்குன்னு கேட்டிருந்தீங்க. உங்க கணக்கு தப்பில்லை, சலைன் ஏத்துற குழாய் செட்டுதான் வேற.

500-ஐ செட்டோட சொட்டு எண்ணால, அதாவது ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டுங்கிற எண்ணால, பெருக்கி 240 நிமிஷத்தால வகுக்கணும். ஒரு மி.லி.க்கு 15 சொட்டுன்னா 31.25. 20 சொட்டுன்னா 41.67, அதைத்தான் 42-ன்னு போட்டிருக்காங்க. சின்னச் சொட்டா விழுற மைக்ரோ செட்டுக்கு 60, அப்போ 125 வரும். எண்ணைச் சொல்லாம கேட்டது கேள்வித்தாள் எழுதினவங்க தப்பு. எந்த எண் எடுத்தீங்கன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க. கடலூர்ல வார்டுக்குப் போறப்ப செட் உறையைத் திருப்பிப் பாருங்க, அதுல அச்சடிச்சிருக்கும்.

வார்டுல சிக்கல் வேற மாதிரி வரும். 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதீங்க, ஒரு சொட்டு பிசகினா நாலு சொட்டு பிசகும். முழு நிமிஷம் எண்ணுங்க. நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறிடும். அதனால பாட்டில்ல பிளாஸ்திரி ஒட்டி, மணிக்கு 125 மி.லி.ன்னு குறி போட்டுக்கங்க. பின்தங்கிட்டா வேகத்தைக் கட்டுப்படுத்துற கிளாம்பைத் திறந்துவிட்டு ஈடுகட்ட வேண்டாம். வயசானவங்களுக்கும், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் வேகமா ஏறினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மூச்சுத் திணறினா வேகத்தை நல்லா குறைச்சு, தலைப்பக்கம் உயர்த்தி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ஊசி போட்ட இடம் வீங்கிச் சில்லுன்னு இருந்தா மருந்து ரத்தக்குழாய்க்கு வெளிய போகுதுன்னு அர்த்தம். நிறுத்திட்டு ஊசியை எடுத்துடணும்.