போர்டு மீட்டிங்கில் பேச்சு ஓடுகிறது, முடிவு வரவில்லையே?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 9 இயக்குநர்கள். எல்லோரும் மஞ்சள் விவசாயிகள். சமீபத்தில்தான் நான் தலைவரானேன். காலையில் தொடங்கும் போர்டு மீட்டிங் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நீள்கிறது. கொள்முதல் பற்றி மட்டும் இன்னும் ஒரு முடிவும் இல்லை. என்ன செய்யலாம்?
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: உங்கள் அஜெண்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சகோதரி. 'மஞ்சள் கொள்முதல் குறித்து விவாதித்தல்' என்று இருக்கிறதா? அப்படியானால் விவாதம் மட்டும்தான் நடக்கும். அதையே கேள்வியாக எழுதுங்கள்: 'இந்த சீசனில் உறுப்பினர்களிடம் எத்தனை குவிண்டால் விரலி மஞ்சள் வாங்குவது? பணத்துக்கு வங்கிக் கடனா, அல்லது பாதி முன்பணம் கொடுத்துவிட்டு விற்ற பிறகு மீதியா?' இதைப் படித்த இயக்குநர் யோசித்த பதிலோடு வருவார்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பும் போகட்டும். கையிருப்புப் பணம், போன வருடம் வாங்கிய அளவு, விற்ற விலை, குடோன் வாடகை, இன்றைய சந்தை விலை, இவ்வளவு போதும். உங்களைப் போன்ற நிறுவனங்களில் கூட்டத்துக்கு 7 நாட்களுக்கு முன்பே சி.இ.ஓ. (முதன்மைச் செயல் அதிகாரி) எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். அதோடு சேர்த்தே அஜெண்டாவும் குறிப்பும் போய்விட வேண்டும். போனில் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்குத் தாளில் அச்சடித்தே கொடுங்கள்.

அடுத்தது வரிசை. பெரும்பாலும் போன கூட்டத்து மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு), வந்த கடிதங்கள், செலவுக் கணக்கு என்று தொடங்கி, கனமான விஷயத்தைக் கடைசியில் வைக்கிறோம். அதற்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் செல்லுபடியாக (இதைத்தான் 'கோரம்' என்பார்கள்) இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது 3 பேர் இருந்தால் போதும். ஆனால் 3 பேர் எடுத்த கொள்முதல் முடிவை மற்ற 6 பேர் மறுநாளே கேள்வி கேட்பார்கள். எனவே எல்லோரும் இருக்கும்போதே, மினிட்ஸை உறுதி செய்த கையோடு கொள்முதலுக்கு வந்துவிடுங்கள்.

பேச்சு பழைய சண்டைக்குத் திரும்பினால், 'சரி அண்ணா, இதை அடுத்த அஜெண்டாவில் போடுகிறேன்' என்று அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். சொன்னபடி போடவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அவர் விடமாட்டார். ஓர் இயக்குநரின் உரக்கடையிலிருந்து இடுபொருள் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தால், அது தன் கடை என்று அவர் சொல்லிவிட்டு அந்த நேரம் வெளியே இருக்கட்டும், மினிட்ஸிலும் அது ஏறட்டும். பங்காளி, சம்பந்தி என்று உறவுக்குள் இதைக் கேட்பது சங்கடம்தான். அதனால் எல்லோருக்கும் பொதுவான விதியாக முதலிலேயே ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.

தலைவர் முதலில் கருத்துச் சொன்னால் பலர் வாயைத் திறக்க மாட்டார்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று உரக்கச் சொல்லி, அங்கேயே எழுத வையுங்கள்.

சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஆனால் அறுவடை நேரத்தில் விலை அவ்வளவு நாள் காத்திருக்காது. சீசன் முடியும்வரை மாதம் ஒரு கூட்டம் வைத்து, அந்தத் தேதிகளை இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.