கரிம வினைகளின் வகைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கரிம வேதியியலில் வினைகளுக்கு முடிவே இல்லை போலிருக்கிறது. எத்தனையைத்தான் மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் வேண்டாம். பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கிவிடும். வினைக்கு முன்னும் பின்னும் உள்ள அமைப்புகளை அருகருகே வரைந்து பாருங்கள். இரட்டைப் பிணைப்பு உடைந்து புதிய அணுக்கள் ஒட்டியிருந்தால் சேர்க்கை; அணுக்கள் வெளியேறி இரட்டைப் பிணைப்பு வந்திருந்தால் நீக்கம்; ஒன்று போய் அதே இடத்தில் இன்னொன்று வந்திருந்தால் பதிலீடு. வாய்பாடு மாறாமல் அமைப்பு மட்டும் மாறியிருந்தால் இடமாற்ற வினை.

கேள்வி: 2-புரோமோபுரோப்பேனுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வினைபுரிந்தால் ஒரு புத்தகத்தில் ஆல்கஹால், இன்னொன்றில் ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்) என்று இருக்கிறது. எது சரி சார்?

பதில்: இரண்டுமே. ஹைட்ராக்சைடு அயனிக்கு இரண்டு வழிகள் உண்டு. புரோமின் இருக்கும் கார்பனைத் தாக்கினால் பதிலீடு நடந்து புரோப்பன்-2-ஆல் கிடைக்கும். பக்கத்துக் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்தால் நீக்கம் நடந்து புரோப்பீன் கிடைக்கும். நீர்த்த கரைசல் முதல் வழிக்குச் சாதகம். ஆல்கஹாலில் கரைத்துச் சூடாக்கினால் இரண்டாவது முந்தும்: அங்கே வலிமை மிக்க காரமான ஆல்காக்சைடும் உருவாகிறது, துகள்களின் எண்ணிக்கை கூடும் வினைக்கு வெப்பமும் துணைநிற்கிறது. உண்மையில் குடுவையில் இரண்டும் கலந்தே இருக்கும். புத்தகம் முதன்மை விளைபொருளை மட்டும் எழுதுகிறது, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். மெத்தில் புரோமைடில் இந்தச் சிக்கல் இல்லை. பக்கத்துக் கார்பனே கிடையாதே!

கேள்வி: ஆல்கீன்கள் புரோமினைச் சேர்த்துக்கொண்டு புரோமின் நீரை நிறமிழக்கச் செய்கின்றன. பென்சீன் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: சேர்க்கை நடந்தால் உடனிசைவால் (எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவியிருப்பதால்) கிடைத்த நிலைப்புத்தன்மை, மோலுக்கு ஏறத்தாழ 150 கிலோஜூல், பறிபோகும். அதனால் பென்சீன் பதிலீட்டையே விரும்புகிறது. அதற்கும் ஃபெரிக் புரோமைடு போன்ற வினையூக்கி வேண்டும்.

கேள்வி: ஆக்சிஜனேற்றம் நான்கில் எதில் சேரும்?

பதில்: அது வேறு கோணத்தில் பிரிப்பது. எத்தனால் என்ற ஆல்கஹால் எத்தனல் என்ற ஆல்டிஹைடு ஆகும்போது இரண்டு ஹைட்ரஜன்கள் போய் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு வருகிறது. அது ஆக்சிஜனேற்றம், நீக்கம் என்றும் பார்க்கலாம்.

கேள்வி: இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில் ஒட்டும் என்பது மார்கோனிகாஃப் விதி. பெராக்சைடு இருந்தால் அது ஏன் தலைகீழாகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது முதலில் புரோட்டான் முனைக் கார்பனில் ஒட்டுகிறது. நடுவில் நிலையான ஈரிணைய கார்பன் நேர் அயனி (இரண்டு கார்பன்களோடு இணைந்த, நேர் மின்சுமையுள்ள கார்பன்) உருவாகிறது; புரோமின் அங்கே சேர்கிறது. 1933-இல் காரஷும் மேயோவும் விளக்கிய பெராக்சைடு விளைவில் முதலில் வருவது புரோமின் தனி உறுப்பு, அதாவது இணைசேராத எலக்ட்ரான் கொண்ட புரோமின் அணு. அதுவும் முனையில்தான் ஒட்டுகிறது, நடுவில் நிலையான தனி உறுப்பு உருவாவதற்காக. ஆக, அடிப்படை மாறவே இல்லை. முதலில் வருவது யார் என்பதுதான் மாறியது. ஹைட்ரஜன் குளோரைடிலும் அயோடைடிலும் இது நடப்பதில்லை. முன்னதில் ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பு மிக வலுவானது. பின்னதில் அயோடின் தனி உறுப்பு இரட்டைப் பிணைப்பில் சேர்வதற்கு ஆற்றல் சாதகமாக இல்லை.