‘மறுத்துவிட்டார்’ என்று எழுதும் முன் கேட்க வேண்டியது

கேள்வி: நான் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் தாதிமைப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடலியலும் மருந்தியலும் எனக்குப் பிடித்த பாடங்கள். ஆனால், நலவாழ்வின் சமூக, உளவியல் கூறுகள் பற்றிய பாடத்தில் நான் எழுதிய கட்டுரைக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. “கோட்பாடு ஒரு பக்கம் நிற்கிறது, நோயாளி ஒரு பக்கம் நிற்கிறார்” என்று விரிவுரையாளர் குறிப்பு எழுதியிருந்தார். வார்டுப் பயிற்சியின்போது, இன்சுலின் வேண்டாம் என்று இரண்டு நாள் தொடர்ந்து மறுத்த 61 வயதுத் தமிழர் ஒருவரிடம் மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். அவர் என்னிடமும் “வேண்டாம்மா” என்று மட்டுமே சொன்னார். ‘மறுத்துவிட்டார்’ என்று பதிவானது. அவரைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். ஓட்டமும் நடையுமாக இருக்கும் வார்டில் சமூகவியலுக்கும் உளவியலுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? கட்டுரையை மூன்று வாரத்தில் திருத்தித் தர வேண்டும்.

பதில்: உங்கள் கட்டுரையில் விடுபட்டதும் வார்டில் விடுபட்டதும் ஒன்றுதான். அவர் மறுத்தார் என்பது பதிவில் இருக்கிறது. எதை மறுத்தார் என்பது இல்லை. ஊசியின் வலியையா, செலவையா, வீட்டுக்குப் போன பிறகு யார் போட்டுவிடுவார்கள் என்ற கவலையையா, அல்லது இன்சுலின் என்ற சொல் அவர் மனத்தில் எழுப்பிய வேறு ஏதேனும் ஓர் அச்சத்தையா என்பது தெரியாதவரை, நீங்கள் எந்தக் கோட்பாட்டை மேற்கோள் காட்டினாலும் அது அவரைத் தொடாது.

வார்டிலும் வகுப்பறையிலுமாக 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்தவள் என்ற முறையில், இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்த ஓர் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 68. ஆறாத கால்புண்ணோடு ஓராண்டுக்குள் மூன்றாம் முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தார். எதைச் சொன்னாலும் “சரி மிஸ்ஸி” என்பார், தலையாட்டுவார். தாதியரை இங்கு அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய கோப்பில் ‘சொன்னபடி மருந்து எடுப்பதில்லை’ என்ற வரி வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப இருந்தது. ஒரு காலைப் பொழுதில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, “இன்சுலின் பேனாவை வீட்டில் எங்கேம்மா வைப்பீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் திரைச்சீலைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எந்த வீட்டுல மிஸ்ஸி?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் உட்லண்ட்சில் மகன் வீட்டில் 15 நாள், தெம்பனிசில் மகள் வீட்டில் 15 நாள் என்று மாறி மாறி இருந்துவந்தார். பேனா வடிவிலான அந்த ஊசி மகன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருந்தது. “மருமகன் வீட்டு ஐஸ்பெட்டியில ஊசிய எப்படிம்மா வைக்கிறது, அவர் என்ன நெனைப்பாரு?” என்றார். மாதத்தில் பாதி நாள் அவருக்கு இன்சுலினே இல்லை. இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்கும் திறன் குன்றும், கிருமித்தொற்று எளிதில் பற்றும், புண் ஆறத் தாமதமாகும் என்பதெல்லாம் உங்களுக்குப் பிடித்த உடலியல் பாடத்தில் உள்ளவைதான். ஆனால் அந்தச் சர்க்கரை ஏன் உயர்ந்தே இருந்தது என்ற கேள்விக்கு விடை, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு தாயை மாற்றி மாற்றி அனுப்பும் குடும்ப ஏற்பாட்டிலும், மருமகன் முன்னால் நோயாளியாகத் தெரிவதற்கு அவர் பட்ட கூச்சத்திலும் இருந்தது. மருத்துவரிடம் சொல்லி இன்னொரு பேனா எழுதி வாங்கினோம். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலும் 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரம் வெளியிலேயே வைத்திருக்கலாம் என்பதையும், வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டியிலுள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும் என்பதையும் மகளிடம் விளக்கினோம். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தனியாகச் செலவாகவில்லை; கை கட்டு மாற்றிக்கொண்டுதான் இருந்தது.

இதைத்தான் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்கும் உயிர்-உள-சமூக மாதிரி என்று முன்வைத்தார். உங்கள் பாடக்குறிப்பில் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படமாக அது இருக்கும். அந்தப் படத்தை வரைவதைவிட, 1980ல் அவரே அந்த மாதிரியை விளக்கக் காட்டிய நோயாளியைப் பற்றித் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன் தரும், ஏனென்றால் அது ஊசியைப் பற்றிய கதை. மாரடைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த 55 வயதுக்காரர் ஒருவருக்குத் தமனியிலிருந்து இரத்தம் எடுக்க இளம் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் குத்தியும் முடியவில்லை. வலித்தது, இவர்கள் மீது நம்பிக்கை போனது, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உதவி தேடி அவர்கள் அவரைத் தனியே விட்டுப் போன சற்று நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போனது. பிறகு காப்பாற்றினார்கள். அந்தப் பதற்றத்துக்கும் இதயம் தடுமாறியதற்கும் தொடர்பு உண்டு என்பதே எங்கலின் வாதம். ஊசி போடும் திறமை வேறு, உளவியல் வேறு என்று நீங்கள் பிரித்துவைத்திருக்கும் கோடு அந்தக் கட்டிலருகில் இல்லை.

இப்போது உங்கள் 61 வயதுக்காரரிடம் வருவோம். மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978ல் எழுதிய கட்டுரையில், மருத்துவர் கண்டறியும் நோயையும் நோயாளி அனுபவிக்கும் நோவையும் வேறுபடுத்தினார்கள். இரண்டாவதை அறிய அவர்கள் தந்த கேள்விகளைப் பேச்சுத் தமிழில் இப்படிக் கேட்கலாம்: “இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?”, “இதனால உங்களுக்கு என்ன தொந்தரவு?”, “எந்த மாதிரி வைத்தியம் வேணும்னு நினைக்கிறீங்க?”, “எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு?” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் விசாரணை போலாகிவிடும். உங்களுக்கு ஒரு கேள்விக்குத்தான் வாய்ப்பு என்றால் கடைசிக் கேள்வியைக் கேளுங்கள்.

நம் மக்களிடம் அந்தக் கேள்விக்கு நான் அதிகம் கேட்ட பதில், ‘ஊசி போட ஆரம்பித்துவிட்டால் கடைசிக் கட்டம்’ என்பதுதான். இன்சுலின் தொடங்கிய சில ஆண்டுகளில் காலை இழந்த பெரியப்பாவோ சிறுநீரகம் பழுதான அத்தையோ பல குடும்பங்களில் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஊசி வந்தது, பிறகு கால் போனது என்ற வரிசை கண்ணெதிரே நிற்கிறது. நோய் முற்றிய பிறகே ஊசி தொடங்கப்பட்டது, காலைப் பறித்தது ஊசியன்று, ஊசிக்கு முந்தைய ஆண்டுகளின் சர்க்கரை என்பதை யாரும் அவருக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. அதோடு, மருத்துவமனையில் கிருமித்தொற்றோ அறுவை சிகிச்சையோ இருக்கும் காலத்துக்கு மட்டும் தற்காலிகமாக இன்சுலின் தருவதும் உண்டு. அவரோ ஆயுள் முழுக்கவும் என்று எண்ணியிருக்கலாம். இந்த விளக்கத்தைத் தர வேண்டியவர்கள் மருத்துவரும் பொறுப்புத் தாதியும்தான். ஆனால் எந்த விளக்கம் தேவை என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல மாணவியான உங்களால் முடியும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். தமிழர் என்றால் இப்படித்தான் நினைப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடாதீர்கள். பண்பாட்டைப் பற்றிய பாடம் சில மாணவர்கள் கையில் இனவாரியான அட்டவணையாகச் சுருங்கிப்போவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். புரட்டாசி விரதம் இருப்பவரும், ரமலான் நோன்பு நோற்கும் தமிழ் முஸ்லிமும், விரதமே இல்லாத தமிழ்க் கிறிஸ்தவரும், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கும் விடுதியில் வாழ்பவரும் உங்கள் வார்டில் ஒரே மொழியைப் பேசுவார்கள். அவர்களுடைய உணவு நேரமும் மருந்து நேரமும் ஒன்றல்ல. “அங்கிள்” என்பதா, “ஐயா” என்பதா என்பதைக்கூட அவரையே கேளுங்கள். 60 வயதில் ‘பாட்டி’ என்று அழைக்கப்படுவதை விரும்பாத பெண்மணிகள் பலர்.

சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951ல் விவரித்த ‘நோயாளிப் பாத்திரம்’ உங்கள் பாடத்தில் வந்திருக்கும். நோயுற்றவருக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும், தகுந்த உதவியை நாட வேண்டும் என்பது அதன் சாரம். சிங்கப்பூரில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு காகிதமே இருக்கிறது: எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ். யாருக்கு எம்சி மகிழ்ச்சி தருகிறது, யார் அதைக் கண்டு அஞ்சுகிறார் என்று பாருங்கள். சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்குச் சட்டத்தில் இடமிருந்தும், கூடுதல் நேர ஊதியம் போய்விடும் என்றோ ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றோ பயந்து, “லீவு வேணாம், மாத்திரை மட்டும் குடுங்க” என்று கெஞ்சும் வெளிநாட்டு ஊழியரை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். நாள்பட்ட நோயோடு மூன்று வேளையும் சமைக்கும் அம்மாவுக்கோ அந்த விலக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை. பார்சன்சின் கருத்து எங்கே பொருந்தவில்லை என்று காட்டும் பத்திக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

நேரத்தைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. நாற்காலி போட்டு உட்கார நேரம் கிடைக்காது. இரத்த அழுத்தம் பார்க்கும்போதும், குளிக்க உதவும்போதும், கட்டு மாற்றும்போதும் எப்படியும் அவர் அருகில் நிற்கிறீர்கள் அல்லவா, அந்த நிமிடங்களையே பயன்படுத்துங்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள், மருந்தை எங்கே வைக்கிறார்கள், போன முறை மருந்து தீர்ந்தபோது என்ன செய்தார்கள் என்பன போன்ற கைக்குப் பிடிபடும் கேள்விகள், “மன உளைச்சல் ஏதும் உண்டா?” என்பதைவிட அதிகத்தை வெளியே கொண்டுவரும். செலவு பற்றிய பேச்சு வந்தால் மருத்துவ சமூக ஊழியரிடம் தெரிவியுங்கள். பதிவில் ‘மறுத்துவிட்டார்’ என்பதோடு நிறுத்தாமல், அவர் சொன்ன காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே சேர்க்க அனுமதி கேளுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அங்கிருந்து தொடங்க முடியும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி இரண்டு சொல். சுருக்கிச் சொல்லாதீர்கள், “நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது”, “மனசு ஆறலை” என்று அவர் சொன்னால் அதை ‘நெஞ்சுவலி’ என்றோ ‘மனச்சோர்வு’ என்றோ நீங்களே மாற்றிவிடாமல், சொன்னதை அப்படியே சொல்லி, தெளிவுபடுத்தச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவது போன்ற பேச்சுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவை என்று தயங்காமல் கூறுங்கள்.

“இருந்து என்ன புண்ணியம்” என்று ஒருவர் சொன்னால், அது நம் பேச்சு வழக்கு என்று கடந்துபோகாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தராமல் உடனே பொறுப்புத் தாதியிடம் தெரிவியுங்கள். போலிசுக்குப் போகும் என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 2020ஆம் ஆண்டு முதல் இங்கு குற்றமன்று.

கட்டுரைக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு வரையறையை முதல் வரியாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதை எடுத்துவிடுங்கள். “வேண்டாம்மா” என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் இன்னும் வார்டில் இருந்தால், விரிவுரையாளரின் அனுமதியோடு போய் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வீடு திரும்பிவிட்டிருந்தால், நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி எது, அதற்கு என்னென்ன பதில்கள் வந்திருக்கக்கூடும், ஒவ்வொரு பதிலுக்கும் பராமரிப்பு எப்படி மாறியிருக்கும் என்று எழுதுங்கள். எங்கல், கிளைன்மன், பார்சன்ஸ் மூவரில் அந்தப் பதில்களை விளக்க யார் உதவுகிறாரோ அவரை மட்டும், உதவும் இடத்தில் மட்டும் அழையுங்கள். பெயர், வார்டு எண், சேர்க்கப்பட்ட தேதி மூன்றையும் நீக்கிய பிறகே அனுப்புங்கள்.