ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் முழு ரிங்க் இல்லை?

கேள்வி: மகனுக்கு 6 வயது, நவம்பரில் பிறந்தவன். ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கியில் சேர்த்திருக்கிறோம். ரிங்கை, அதாவது ஐஸ் தளத்தை, குறுக்கே மறித்துச் சின்ன இடத்தில்தான் விளையாட விடுகிறார்கள். ஸ்கோரும் எழுதுவதில்லை. குழுவில் இவன்தான் சின்னவன், பின்னுக்கு நிற்கிறான். காசு வீணா? தனிக் கோச் பிடிக்கலாமா?

பதில்:

ஸ்காபரோவில் ஏழு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டர் கோச்சாக நிற்கிறேன். முதல் வருடம் எனக்கும் உங்கள் எண்ணம்தான்.

அந்த வருடம் ஒரு வெள்ளைப் பலகை வாங்கினேன். யார் எங்கே நிற்பது, பக்கை (ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) யாருக்குத் தள்ளுவது என்று எக்ஸும் வட்டமுமாக வரைந்து விளக்கினேன். பதினான்கு ஹெல்மெட்டுகள் என்னை அண்ணாந்து பார்த்தன. ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றேன். ஒருவன் கையை உயர்த்தினான். "கோச், அந்த மார்க்கர் மணக்குமா?"

விசில் ஊதியதும் பதினான்கு பேரும் பக்கைச் சுற்றி, சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி. பிழை அவர்களில் இல்லை. அந்த வயதில் பிள்ளைக்குத் தானும் பக்கும்தான் தெரியும். கூட்டாளி எங்கே நிற்கிறான், பக் அடுத்ததாக எங்கே போகும் என்பதையெல்லாம் சேர்த்து யோசிக்க இன்னும் சில வருடம் வேண்டும். பலகை இப்போது வீட்டில் சாமான் லிஸ்ட் எழுத உதவுகிறது.

முழு ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். வளர்ந்தவர்களுக்கு அளவெடுத்தது. அதில் ஆறு வயதுக்காரரை விட்டால், நன்றாக ஸ்கேட் பண்ணும் ஒன்றிரண்டு பேரிடமே பக் சுற்றும். மற்றவர்கள் போய்ச் சேருவதற்குள் ஆட்டம் மற்றப் பக்கம் திரும்பிவிடும். இரண்டு தரம் அப்படி ஏமாந்த பிள்ளை மூன்றாம் தரம் நீலக் கோட்டருகே உட்கார்ந்து ஐஸைச் சுரண்டித் தின்னும். இடத்தைச் சுருக்கினால் அதே பிள்ளை நிற்க, திரும்ப, விழுந்து எழும்பப் பழகும். நாட்டின் ஹொக்கியை நிர்வகிக்கும் ஹொக்கி கனடா அமைப்பு 2017-18 பருவத்திலிருந்து இந்த வயதுக்கு இதைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

பக்கும் அப்படித்தான். கறுப்புப் பக் சுமார் 170 கிராம். 20 கிலோப் பிள்ளை அதைத் தள்ளுவது, 80 கிலோ ஆள் 680 கிராம் பக்கைத் தள்ளுவதற்குச் சமம். இவர்களுக்குக் கொடுக்கும் நீலப் பக் 113 கிராம்தான். கறுப்பை அடிக்க முழு உடம்பையும் வளைத்துக் கஷ்டப்படும் பிள்ளை, நீலத்தை மணிக்கட்டாலேயே தள்ளிவிடும்.

இனி நவம்பர். பிறந்த வருடத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஜனவரி 1 எல்லை. பக்கத்தில் நிற்கும் ஜனவரிப் பிள்ளை உங்கள் மகனைவிடப் பத்து மாதம் மூத்தவன். நாற்பது வயதில் அது ஒன்றுமில்லை. ஆறு வயதில் அது உயரத்திலேயே தெரியும். பெரிய அணிகளில் வருட முற்பகுதியில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனேடிய உளவியலாளர் 1985இலேயே எழுதிவிட்டார். முதலில் வளர்ந்தவனைக் கெட்டிக்காரன் என்று தெரிவுசெய்து, அவனுக்கே கூடுதல் ஐஸ் நேரமும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? உங்கள் மகன் பின்னுக்கு நிற்பதை இப்போது பெரிதாக எடுக்காதீர்கள்.

உடம்பால் மோதுவதும் இதே கதை. முன்பு அல்பேர்ட்டா மாகாணத்தில் 11, 12 வயதிலேயே அனுமதி, கியூபெக் மாகாணத்தில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், அல்பேர்ட்டாப் பிள்ளைகளுக்குக் காயமும் மூளை அதிர்ச்சியும் மூன்று மடங்குக்கு மேல் அதிகம். 2013இல் அந்த வயதுக்கு நாடு முழுக்க நிறுத்தினார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், அவனோடு மோதுகிறவனுக்குக் குரலே உடைந்திராது.

ஸ்கோர் எழுதாவிட்டாலும் பிள்ளைகள் எண்ணுவார்கள், கவலைப்படாதீர்கள். திரும்பி வரும்போது காரில் நாங்கள்தான் கூட்டிக் கழித்து விசாரணை வைக்கிறோம்.

தனிக் கோச் வேண்டாம். அந்தக் காசில் கோடையில் நீச்சலுக்கு விடுங்கள், உதைபந்து அடிக்கட்டும். இப்போதுள்ள கோச்சைக் கவனியுங்கள்: அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வரிசையில் காத்து நிற்கிறார்கள்? அந்த நேரம் அதிகம் என்றால் மட்டும் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. "வளருற பிள்ளைதானே" என்று எங்கள் ஆட்கள் ஸ்கேட்ஸை இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். கணுக்கால் உள்ளே மடியும், பிள்ளை பயந்து பயந்து நடக்கும். காலுக்குச் சரியானதைப் பழைய சாமான் கடையில் வாங்குங்கள். எப்படியும் அடுத்த செப்டெம்பரில் மாற்றத்தான் வேண்டும்.