திருத்தின பேப்பரை என்ன பண்றீங்க?

கேள்வி: அக்கா, நான் பிஎஸ்சி செகண்ட் இயர். இங்கிலீஷ் மேம் என் கட்டுரை பூரா செகப்பு பேனால திருத்தித் தர்றாங்க, நானும் பாத்துட்டு பைல்ல வெச்சுடறேன், அடுத்த தடவையும் அதே தப்புதான் வருது. இப்படித் திருத்துறதுல நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?
- வாசகர், திருச்சி

பதில்: இருக்கு தம்பி, ஆனா பைல்ல வெச்சா இல்ல.

இதே கேள்விக்கு ஆராய்ச்சிக்காரங்களே வருஷக்கணக்கா மோதியிருக்காங்க. 1996ல ஜான் ட்ரஸ்காட்ங்கிறவர் கட்டுரைல கிராமர் தப்பைத் திருத்துறதே வேஸ்ட், கெடுதல்கூட, நிறுத்திடுங்கன்னு எழுதிட்டாரு, அதுக்கு 1999ல டானா பெர்ரிஸ், அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது, எப்படித் திருத்துறோம்ங்கிறதுல இருக்குன்னு பதில் குடுத்தாங்க. நான் பெர்ரிஸ் கட்சி.

ஜீன் சாண்ட்லர் அமெரிக்காவுல ஒரு மியூசிக் காலேஜ்ல படிச்ச ஆசிய ஸ்டூடண்ட்ஸை வெச்சுப் பாத்தாங்க, 2003ல வந்த ஆராய்ச்சி. கோடு போட்டுக் குடுத்த தப்பையெல்லாம் அடுத்த கட்டுரைக்கு முன்னாடியே தானே சரிபண்ணி எழுதினவங்களுக்குத் தப்பு நல்லா கொறஞ்சுது, செமஸ்டர் கடைசில பாத்துக்கலாம்னு விட்டவங்களுக்கு அந்த அளவுக்குக் கொறயல. நீங்க விடுறதும் இந்த எடத்துலதான்.

இன்னொன்னு, எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல பிடிக்கப் பாக்காதீங்க. நியூசிலாந்து ஆக்லாந்துல பிட்சனர், நாக்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க இங்கிலீஷ்ல வர்ற 'எ' (a), 'தி' (the) ரெண்டை மட்டும், அதுலயும் மொத தடவை சொல்றப்ப 'எ', திரும்பச் சொல்றப்ப 'தி', இவ்வளவை மட்டும் எடுத்துத் திருத்தினாங்க, பத்து மாசம் கழிச்சும் திருத்தம் கெடைச்சவங்க கெடைக்காதவங்களவிட நல்லா எழுதினாங்க. நம்ம பசங்க 'ஐ பாட் எ பென். எ பென் இஸ் நாட் ரைட்டிங்'னு எழுதறாங்கல்ல, ரெண்டாவது எடத்துல 'தி பென்' வரணும், அந்தத் தப்பேதான்.

ஆனா 'டிஸ்கஸ் அபவுட்' மாதிரி தப்பு வேற ரகம். அதுல 'அபவுட்' கூடாதுன்னு கண்டுபிடிக்க ரூல் ஒண்ணும் கெடையாது, மேம் வெறும் கோடு போட்டு விட்டா நீங்க ராத்திரி பூரா யோசிச்சாலும் வராது, அங்கெல்லாம் சரியானதை எழுதியே குடுங்க மேம்னு கேட்டு வாங்கிக்கோங்க, தப்பே இல்ல.

அடுத்த கட்டுரை குடுக்கும்போதே மேல ஒரு வரி எழுதுங்க, 'இந்த தடவை எ, தி மட்டும் பாருங்க மேம்'னு. கட்டுக்கட்டா பேப்பர் திருத்துறவங்களுக்கு அது வேலையும் கம்மி, சந்தோஷமாவே பாத்துத் தருவாங்க. பேப்பர் கைக்கு வந்த அன்னைக்கே தப்பான வாக்கியத்தை மட்டுமாவது திரும்ப முழுசா எழுதிடுங்க.